இழுங்க, பிடிங்க, விடுங்க

மூச்சைப் பிடிக்கச் சொன்னால் நோயாளி பிடிக்கிறாரோ இல்லையோ, எக்ஸ்ரே அம்மா பிடித்துவிடுவார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று "இழுங்க... பிடிங்க..." என்பார், கன்னம் உப்பும், அதே நொடியில் இடது கட்டைவிரல் பொத்தானை அழுத்தும். "விடுங்க" என்றதும் இரண்டு பேரும் சேர்ந்து விடுவார்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். வீட்டில் தும்மலை அடக்கும்போதுகூட அந்த விரல் எதையாவது ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் ஓயும்.

ஞாயிறு மதியங்களில் அதே குரல் ஒரு டிராகனை எதிர்த்துப் புறப்படும். இணையத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. கேடயத்தோடு முன்னால் நிற்பவர் இவர். பின்னால் இவருடைய தம்பி, நாத்தனார், ஒரு பேக்கரிக்காரர், ஒரு பஸ் கண்டக்டர். அந்த டிராகனைத் தனித்தனியாக அடித்தால் கொசு கடித்த மாதிரி. தம்பி அதை உறையவைக்க, கண்டக்டர் செதிலை உடைக்க, பேக்கரிக்காரர் தீ வைக்க, நாத்தனார் அம்பு விட, நாலு அடியும் ஒரே மூச்சில் வரிசையாக விழவேண்டும். அந்த மூச்சுக்குக் குரல் கொடுப்பது அம்மா. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதைக் கேட்பவர், வீட்டில் யார் சொன்னாலும் கேட்பவர். தன் சொல்லுக்கு நாலு பேர் அசைவது இங்கே மட்டும்தான். மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை, எழுத்தில்தான் பதில் போடுவார்கள். அந்த மரியாதை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. ஏழு வாரமாக டிராகன் குற்றுயிரும் குலையுயிருமாகத் தப்பித்துக்கொண்டிருந்தது. நாத்தனார் எழுதினாள்: "அண்ணி, இன்னைக்கும் சாகலேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நான் குரல் குடுக்கிறேன். கோச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ளாமல், அம்மா புதிதாக ஒரு மைக் வாங்கினார். அதை இடது கையில் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தும் தெறிக்க "இழுங்க... பிடிங்க!" என்றார்.

தீ முதலில் போனது. அம்பு பின்னால் போனது. தம்பி உறையவைத்தபோது டிராகன் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஐந்து பேரையும் அது அப்பளமாகப் பொரித்தது.

"என்ன அண்ணி, ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டீங்க?" என்று திரையில் எழுத்து வந்தது.

அம்மா மைக்கை மேசைமேல் டொக்கென்று வைத்தார். "நானா நின்னேன்? உங்க காதுல என்ன பஞ்சா? டேய் தம்பி, நீ பரீட்சைக்கே லேட்டாப் போனவன்! எக்ஸ்ரேக்கு வர்ற எண்பது வயசுத் தாத்தா உங்களைவிட ஒழுங்காப் பிடிப்பாரு!"

"மெதுவாம்மா," என்றார் கணவர் உள்ளேயிருந்து. "நீ விடச் சொல்ற வரைக்கும் மாடி வீட்டுக்காரர் மூச்சு விடாம உட்கார்ந்திருக்காராம்."

இரண்டு கையும் கீபோர்டில் விழ, அம்மா மறுபடி ஆரம்பித்தார். இழுங்க. பிடிங்க. உறைந்தது, உடைந்தது, எரிந்தது, அம்பு தைத்தது. டிராகன் மலைபோலச் சரிந்தது.

"நீங்களே குரல் குடுங்க அண்ணி," என்று எழுதினாள் நாத்தனார்.

"பார்த்தீங்களா? நல்லா நாலு வார்த்தை கேட்டாத்தான் உறைக்குது," என்றார் அம்மா கணவரிடம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எல்லோரையும் ஐந்து நிமிடம் திட்டுகிறார்.

பேக்கரிக்காரர் பின்னால் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. சத்தம் தாங்காமல், ஆட ஆரம்பித்த இரண்டாம் வாரமே அவர் தன் பக்கத்தில் அம்மாவின் குரலை நிறுத்திவைத்துவிட்டாராம். மற்ற மூவரும் அப்படியே, ஒருவருக்கொருவர் சொல்லாமல். அடிக்கவேண்டிய நேரத்தில் கேடயக்காரி ஒரு சின்னக் குதி குதிப்பாள். அதைப் பார்த்துத்தான் நாலு பேரும் அடித்திருக்கிறார்கள். அந்த விளையாட்டில், இடது கட்டைவிரலுக்கு நேர் கீழே இருப்பது குதிக்கிற பொத்தான்.