பலம் பதினெட்டு, தோள் ஆறு

என் தோழி ஒருவர், கைகுலுக்கினால் உடனே விடமாட்டார். கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைத்து, "பிடி பன்னெண்டு. நேத்து சரியாத் தூங்கலையா?" என்பார். பஸ்ஸில் எதிரே நிற்பவர் கம்பியைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிடுவார். தொழில், மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். ஞாயிறு மாலைகளில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டை நடத்துபவர். நாங்கள் நாலைந்து பேர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் கட்டுவோம். ஆளுக்கொரு தாளில் பலம், லாகவம் என்று எண்கள் இருக்கும். பலம் பதினெட்டு என்றால் மலையையே புரட்டலாம்.

அந்தத் தாள்தான் அவருக்கு ஆகாது. "பலம்னு ஒரே கட்டமா? மூட்டை தூக்குறவன் பாட்டில் மூடியத் திறக்க முடியாம முழிப்பான். ரெண்டும் ஒரே பலமா?" என்பார். என் மந்திரவாதிக்கு லாகவம் பதினாறு இருந்தது. நான் மேஜையில் தேநீரைக் கொட்டியதும் பதினொன்றாகிவிட்டது.

அவருடைய அண்ணன் லாரி ஓட்டுநர். எலும்பு முறிவுக்குப் பின் வலது தோள் இறுகி, கை காதுக்கு மேல் எழவில்லை. இப்படியே போனால் மறுபடி வண்டி எடுக்க விடமாட்டார்கள். தங்கையான இவர் சொன்ன பயிற்சிக்கெல்லாம், "நாளைலேருந்து பாக்கலாம்மா" என்பதே பதில். ஆட்டத்தில் மட்டும் அவருடைய வீரனுக்குப் பலம் பதினெட்டு.

ஒரு ஞாயிறு, வீரன் கோட்டைச் சுவர் ஏற வேண்டியிருந்தது. அண்ணன் பகடையை எடுத்தார்.

"அத வைண்ணா. நம்ம வீட்டுச் சுவருகிட்ட போய் நின்னு, விரலாலயே மேல நட. உன் கை எதுவரைக்கும் போகுதோ, உன் ஆளும் அதுவரைக்கும்தான் ஏறுவான்."

"பதினெட்டுன்னு எழுதியிருக்குல்ல?"

"பலம் பதினெட்டு. தோள் ஆறுதான்."

வீரன் பாதிச் சுவரில் தொங்கினான். கீழே அகழியில் முதலைகள் இருப்பதாக, யாரும் கேட்காமலே தங்கை தகவல் சொன்னார். மறுவாரமும் தொங்கினான். மானம் போகிறதே என்று அண்ணன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவதாக அண்ணி என் காதைக் கடித்தார். அதன்பின் கதையில் நாங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் எதிர்ப்பட்டது ஒரு சுவர்தான்.

போன வாரம் தகராறு. வீரன் உச்சியைப் பிடித்துவிட்டான் என்றார் அண்ணன். இன்னும் ஒரு சாண் பாக்கி என்றார் தங்கை.

"இது அநியாயம். நீங்களே சொல்லுங்க" என்று எங்கள் பக்கம் திரும்பி, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டி ஆட்டிச் சண்டை போட்டார் அண்ணன். கை எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை.

தங்கை கீழே விழாத பகடையைத் தேடி, மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்.