ஸ்பீக்கர் பழகுமா?

கையில் எப்போதும் மின்சாரம் அளக்கும் மீட்டர் இருப்பதால் தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர். கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்க்கிறவர். புது ஸ்பீக்கர் முதலில் கரகரவென்று இருக்கும், ஓட ஓட இனிமையாகும் என்று எந்த வாடிக்கையாளராவது வாயைத் திறந்தால் போதும், மனுஷனுக்கு மூக்கு சிவந்துவிடும்.

"ஸ்பீக்கர் என்ன செருப்பா, போட்டுப் போட்டுப் பழக? பழகறது உன் காதுய்யா!"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. இவர் அந்த மூன்று காலையும் அளந்து சீட்டு எழுதி ஒட்டிவிடுகிற ரகம். இருபது வருஷமாக இதே கூத்து.

அந்த வாதம் வீட்டுக்குள் நுழைந்ததுதான் வினை. அவர் மனைவி கிட்டார் வாசிப்பவள். அவளுடைய ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கர் கிழிந்துபோனது. திங்கட்கிழமை இவர் புதுசு மாட்டினார். கையோடு நாலு கெப்பாசிட்டரை மாற்றினார், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களைக் கழற்றி உள்ளே தூசி தட்டித் திரும்பச் செருகினார். சாயங்காலம் அவள் குமிழ்களைத் தன் வழக்கமான அளவுக்குத் திருகினாள். எண் பார்த்து வைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஒவ்வொரு குமிழிலும் நகப்பாலீஷால் ஒரு சிவப்புப் புள்ளி; அந்தப் புள்ளி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது கைக்கே தெரியும். ஒரே ஒரு தரம் கம்பிகளை மீட்டிவிட்டு நிறுத்தினாள்.

"என்னங்க இது? காதுல ஊசி குத்துது."

"புதுசுல்ல, தெளிவா இருக்கு. எல்லாம் அளந்துட்டேன், சரியா இருக்கு. வேணும்னா ட்ரெபிளைக் கொஞ்சம் குறைச்சுக்கோ, கூர்மை போயிடும்."

"பதினொரு வருஷமா இதே இடம்தான். நான் எதுக்கு மாத்தணும்? வெள்ளிக்கிழமை கடைசிப் பாட்டு பதிவு. மத்த நாலும் பழைய சத்தத்துல இருக்கு. இது மட்டும் தனியாத் துருத்திக்கிட்டு நிக்கும்."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

அவள் கிட்டாரை இறக்கி வைத்தாள். மறுநாள் காலை ஆம்ப்ளிஃபயரைப் படுக்கையறை அலமாரிக்குள் தள்ளி, போர்வைகளை முட்டுக் கொடுத்து, ரேடியோவை அதில் இணைத்தாள். "நான் பழக்கிக்கறேன்" என்றாள், சுவரைப் பார்த்து.

அன்றிலிருந்து அலமாரி வாய் ஓயவில்லை. சட்டை எடுக்கக் கதவைத் திறந்தால் வானிலை அறிக்கை. துண்டு எடுக்கப் போனால் யாரோ ஒரு டாக்டர் மூட்டுவலியைப் பற்றி விளக்கினார். தெருவுக்கே தொழில் சொல்லிக் கொடுக்கிறவருக்குத் தன் வீட்டு அலமாரியில் மரியாதை இல்லை. மச்சானோ, "அக்கா சொல்றது சரிதான் மாமா, ஓடினாத்தான் பழகும்" என்று எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினான். மீட்டர்காரருக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அவள் ஆம்ப்ளிஃபயரை வெளியே எடுப்பாள், புள்ளிகளைச் சரி பார்ப்பாள், மீட்டுவாள், முகம் தொங்கும், மறுபடி அலமாரி.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். "பதிவு வேண்டாம்னு சொல்லிடறேன். எனக்குத்தான் காது போயிடுச்சு போலிருக்கு" என்றாள். இவருக்குக் கோபமாக வந்தது. அவள் மேலா, ஸ்பீக்கர் மேலா, தன் மேலா என்று அவருக்கே தெரியவில்லை. "போ, வாசி, எல்லாம் சரியா வரும்" என்று கத்தினார். ஆறுதல் சொல்வதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வந்தது.

அவள் பதிவை ரத்து செய்யவில்லை; வெள்ளிக்கிழமை காலை மச்சான் வண்டியோடு வந்து நின்றான். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கும் முன் எல்லாக் குமிழையும் இடக்கோடிக்குத் திருப்பி வைப்பது மீட்டர்காரரின் வழக்கம். திருப்பினார். மற்ற குமிழ்களின் புள்ளி கடிகாரத்தில் ஏழு இருக்கும் இடத்தில் நின்றது. ட்ரெபிள் குமிழின் புள்ளி மட்டும் அதையும் தாண்டி ஐந்தில் போய் நின்றது.

குமிழைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை தூசி தட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது தன் கைதான் குமிழைக் கோணலாகச் செருகியிருக்கிறது. அவள் புள்ளியைச் சரியான இடத்தில் வைக்க வைக்க, உள்ளே ட்ரெபிள் இரண்டு எண் கூடுதலாக ஏறி நின்றிருக்கிறது. எல்லாவற்றையும் அளந்தவர் இதை அளக்கவில்லை. சத்தமில்லாமல் பிடுங்கி நேராகச் செருகினார்.

"ஒரு தடவை வாசிச்சுப் பாரேன்."

புள்ளிகளைப் பழைய இடத்துக்குத் திருகிவிட்டு அரைமனதாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்தது. "பழகிடுச்சுங்க! மூணு நாள் ரேடியோ வீண் போகல!"

"நான் சொன்னேன்ல மாமா" என்றான் மச்சான்.

பேசாமல் இருந்துவிடலாம். இருபது வருஷ வாதம் தோற்கும், ஆனால் தொழிலில் பிழை விட்டவன் என்ற பெயர் வராது. காது போயிடுச்சு என்று நேற்று அவள் சொன்னது மட்டும் அவரை விடவில்லை.

"பழகல. அன்னிக்கு ட்ரெபிள் குமிழை நான்தான் தப்பா மாட்டிட்டேன். இப்பதான் சரி பண்ணேன். உன் காது முதல் நாளே சரியாத்தான் சொல்லிச்சு."

அவள் சிரிக்கவில்லை. "அப்ப ஆடத் தெரியாதவ யாரு?"

அவர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி மச்சானிடம் கொடுத்தார். அவள் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"இருபது வருஷமாக் கத்தறீங்களே. ஸ்பீக்கர் பழகுமா, பழகாதா? இப்ப சொல்லுங்க."

மூன்று நாள் ஓடிய ரேடியோ கொஞ்சமாவது வேலை செய்திருக்குமா? குமிழ் கோணலாக இருந்ததில் எது எதனால் என்று யார் கண்டது? மீட்டர் மேஜை மேலேயே கிடந்தது.

"தெரியல" என்றார்.

"இதைத் திங்கக்கிழமையே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.