பந்து என்ன தப்பு பண்ணிச்சு?

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வருவதற்கு ஆறேழு வருஷம் முன்பு நடந்தது இது. அப்போது நாங்கள் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவருக்கு ரயிலில் கார்டு வேலை. கொடியும் விசிலும் கையில் இல்லாத நேரமெல்லாம் அவருக்குக் கால்பந்துதான் உலகம். குவாட்டர்ஸ் ஆட்கள் சேர்ந்து வைத்திருந்த குழுவில் அவர் முன்வரிசை ஆட்டக்காரர். வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கி வர மறப்பாரே தவிர, ஆட்டத்துக்குக் கணுக்காலில் சுற்றும் துணி எடுத்துப் போக மறந்ததே இல்லை.

எங்கள் மூத்த மகளுக்கு நாலு வயது ஆனதுமே வீட்டில் ஒரு வழக்கு ஆரம்பித்தது. அவளைப் பந்தாட்டம் பார்க்கக் கூட்டிப் போகலாமா, கூடாதா? அவர் போகலாம் என்பார். நான் கூடாது என்பேன். தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாததால் வழக்கு தினமும் நடந்தது.

"பக்கத்து வீட்டுக்காரரு ரெண்டு வயசுப் புள்ளயவே தோள்ல வச்சிக்கிட்டு வராரு. நம்ம பாப்பா மட்டும் என்ன, தொட்டா ஒடஞ்சிருவாளா?"

"அந்தப் புள்ள வீட்டுக்கு வந்து என்னென்ன வார்த்த பேசுதுன்னு நீங்க கேட்டிருக்கீங்களா? நான் கேட்டிருக்கேன். நம்ம புள்ளைக்கு அது வேணாம்."

என் பயம் அதுதான். திடலில் நிற்கிற ஆம்பளைகள் ஆட்டம் சூடு பிடித்தால் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் கொடியில் துணி எடுக்கும்போதே பாதி காதில் விழும். அந்தப் பேச்சு என் மகள் வாயில் ஏறிவிடக் கூடாது என்றுதான் நான் மல்லுக்கட்டினேன்.

குழாயடியில் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கேட்டேன். பால்பல் விழுந்த பிறகுதான் கூட்டிப் போகணும் என்றாள் ஒருத்தி. பந்து வந்தால் ஓடி ஒதுங்கத் தெரிந்தால் போதும் என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஆள் நாலு பிள்ளை பெற்றவள். "அதெல்லாம் ஒன்னுமில்ல. ஒன்னுக்கு வருதுன்னு முன்கூட்டியே சொல்லத் தெரியணும். அவ்ளோதான் லா" என்று மலாயா வழக்கப்படி 'லா' போட்டு முடித்தாள். அது என் மகளுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே என் கட்சி பலவீனப்பட்டுப் போயிற்று.

கடைசியில் ஒப்புக்கொண்டேன், ஆனால் சும்மா இல்லை. நானும் கூட வருவேன். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்க மாட்டோம். பிள்ளை அழுதால் பாதி ஆட்டத்திலேயே வீடு. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. தான் ஒரு கோல் போட, அதை மகள் பார்க்க வேண்டும். அதை மறைக்காமல் வெளியே சொல்லவும் செய்தார்.

அந்தச் சனிக்கிழமை கிள்ளானிலிருந்து ஒரு குழு ரயிலேறி வந்திருந்தது. நான் குடை எடுத்துக்கொண்டேன். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர், முறுக்கு, மாற்றுக் கவுன், கொசு கடித்தால் தடவ எண்ணெய் என்று ஒரு பிரம்புக் கூடை நிறைய. பார்த்தவர்கள் ஏதோ திருவிழாவுக்கு மூன்று நாள் தங்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். போகும் வழியெல்லாம் மகள் கேள்வியாகக் கேட்டு வந்தாள். திடலில் அவள் அப்பாவைப் பார்த்ததும் கடைசிக் கேள்வி வந்தது.

"அம்மா, அப்பா ஏன் சின்னப் பையன் மாதிரி டவுசர் போட்டிருக்காங்க?"

எனக்கும் அன்றுதான் முதல் ஆட்டம். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் பாதிப் பேர் வெறுங்காலோடு, கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு ஓடினார்கள். முதல் நாள் மழையில் திடல் செஞ்சேறாகக் கிடந்தது. வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்கச் சொன்னால் இடுப்பு வலி என்பவர் அந்தச் சேற்றில் பறந்துகொண்டிருந்தார். கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

எங்களுக்குப் பின்னால் ஒரு மாட்டுவண்டிக்காரர் வந்து நின்றார். செங்கல் ஏற்றிப் போகிற ஆள், தோளில் சிவப்புத் துண்டு. மாடுகளை அதட்டி அதட்டி வளர்ந்த குரல். அது என் காதுக்குப் பக்கத்திலேயே வெடித்தது.

"அடி! அடிங்கறேன்! என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிற? அடி!"

நான் நாலு எட்டு தள்ளிப் போனேன். பந்து அந்தப் பக்கம் போனதும் அவரும் அங்கேயே வந்துவிட்டார். மறுபடி நகர்ந்தேன், மறுபடி வந்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அவர் வாயில் எப்போது கெட்ட வார்த்தை வரும், உடனே பிள்ளையின் காதைப் பொத்த வேண்டும் என்று தயாராக நின்றேன். ஒன்றும் வரவில்லை. 'அடி'தான் வந்துகொண்டே இருந்தது. சுற்றி நின்ற எல்லாரும் அதையேதான் கத்தினார்கள். மகள் என் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்து மிரள்கிறாள் என்று நினைத்தேன்.

இரண்டாம் பாதியில் குழுவுக்கு ஒரு கோலோடு ஆட்டம் முடியப் போகிற நேரம். என் கணவர் பந்தோடு கோலுக்கு அருகில் போனபோது கிள்ளான் ஆள் ஒருவர் காலைக் கொடுத்துவிட்டார். இவர் சேற்றில் குப்புற விழுந்தார். நடுவராக நின்ற வெள்ளைக்காரத் துரை விசில் ஊதி, பெனால்டி என்று கை காட்டினார். இவர் முழங்காலில் ரத்தத்தோடு எழுந்து நின்றார். கோலியைத் தவிர மற்றவர்கள் விலகிப் போக, நடுவில் பந்தும் அவரும் மட்டும். திடலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள்.

"அடி! அடி! அடி!"

என் சேலையைப் பிடித்திருந்த கை விடுபட்டது. குனிந்து பார்ப்பதற்குள் மகள் கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். கூடையை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன். ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. அவள் நேராக அப்பாவுக்கு முன்னால் போய், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள்.

"எங்கப்பாவ அடிக்காதீங்க!"

திடல் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பைக் கேட்டதும் அவளுக்கு அழுகை பீறிட்டது. என் கணவரும் சிரித்துக்கொண்டேதான் அவளைத் தூக்கினார். "பாப்பா, யாரும் என்ன அடிக்கல. பந்த அடிக்கச் சொல்றாங்க" என்றார். அவள் கேட்கவே இல்லை. ரத்தம் வழிகிற முழங்காலையும் பார்க்கவில்லை. கையை நீட்டி அவருடைய மேலுதட்டைத் தொட்டாள்.

"இங்க மறுபடி வலிக்குமாப்பா?"

அவர் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார். இருவருக்கும் அந்த ராத்திரி ஞாபகம் வந்தது.

ஒரு மாதத்துக்கு முன்பு குவாட்டர்ஸில் கோழி திருட வந்த ஒருவனை எங்கள் வாசலுக்கு எதிரிலேயே பிடித்துவிட்டார்கள். ஆள் ஆளுக்குச் சுற்றி நின்று, "அடி, அடி" என்று கத்திக்கொண்டே அடித்தார்கள். வேலை முடிந்து வந்த என் கணவர் கூட்டத்துக்குள் புகுந்து அவனைக் காப்பாற்றப் போய், யாருடைய கையோ பட்டு மேலுதடு கிழிந்து ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தார். மகள் தூங்குகிறாள் என்றே நினைத்திருந்தோம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பிறகுதான் பார்த்தேன். நெற்றியில் திருநீறு பூசிப் படுக்க வைத்தேன். மறுநாள் விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான், மறந்துவிட்டாள் என்று நாங்களும் மறந்துவிட்டோம்.

நான் கெட்ட வார்த்தைகளுக்குக் காவல் நின்றேன். என் மகளைப் பயமுறுத்தியது நான் தினமும் வீட்டில் பேசுகிற சாதாரணத் தமிழ் வார்த்தை.

துரை விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தூக்கிட்டுப் போம்மா, அவசரமில்லை என்பது போலத் தலையசைத்தார். விம்மிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் கூடையைத் தேடினேன். ஆனால் இப்போது போனால் அவளுக்கு என்ன தங்கும்? அப்பாவை ஒரு கூட்டத்துக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தோம் என்பதுதானே தங்கும்? போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தேன்.

அப்போது அந்த வண்டிக்காரர் என் கூடையையும் ஒற்றைச் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு வந்தார். இத்தனை சிறிய பிள்ளையை ஏன் கூட்டி வந்தாய் என்று கேட்கத்தான் போகிறார், நன்றாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளின் முகத்துக்கு நேராகச் சேற்றில் குந்தினார். அந்தக் குரலா இது என்று நான் திகைக்கும்படி மெதுவாகப் பேசினார்.

"பாப்பா, நான்தான் கத்துனேன். ஒங்கப்பாவ அடிக்கச் சொல்லல தாயி. அந்தப் பந்த அடிக்கச் சொன்னேன்."

அவள் விம்மலை அடக்கிக்கொண்டு யோசித்தாள்.

"பந்து என்ன தப்பு பண்ணிச்சு?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பிக்க, வண்டிக்காரர் துண்டை உதறி அவர்களை அடக்கினார்.

"ஒரு தப்பும் பண்ணல. அப்ப அடிக்க வேணாம். வேற என்ன சொல்லிக் கத்தலாம்? நீயே சொல்லு, நாங்க கத்துறோம்."

வீட்டில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் போடுகிறவைதான். கோலம் போடுவது, ஊஞ்சல் போடுவது, தோசை போடுவது. அவள் கோல் கம்பங்களைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள போடுன்னு சொல்லுங்க."

அவர் எழுந்தார். கோட்டோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துகொண்டே, மாட்டை அதட்டுகிற அதே குரலில், "யாரும் அடின்னு கத்தக் கூடாது! புள்ள பயப்படுது! உள்ள போடுன்னு சொல்லுங்க!" என்று சொல்லிப் போனார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒருவர் 'இது என்ன பாலர் பள்ளியா' என்றார். ஆனால் அந்தக் குரலோடு யார் மோத முடியும்? கொஞ்ச நேரத்தில் எங்கள் பக்கம் முழுக்கக் கிளம்பியது.

"உள்ள போடு! உள்ள போடு!"

என் கணவர் ஒன்றும் புரியாமல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஓடி வந்து பந்தை உதைத்தார். அது கம்பத்துக்கு மேலே, தூரத்தில் தெரிந்த ரயில் பாதைப் பக்கமாகப் போயிற்று.

நான் பிள்ளையை இறுக்கி அணைத்தேன். கோல் போகாததற்காக இல்லை. கையில் கிடைத்த வெற்றியைக் கோட்டை விட்டவரை நம் கூட்டம் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். அத்தனையும் இப்போது அவர் மகள் காதில் விழப் போகிறது. அவளும் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பாவை இல்லை. யாராவது கோட்டைத் தாண்டி உள்ளே போகிறார்களா என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

வண்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. என்னவோ பெரிதாக ஒன்று தொண்டை வரை வந்துவிட்டது. அப்போது கண்ணைத் தாழ்த்தி என் மகளைப் பார்த்தார். வந்ததை அப்படியே விழுங்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"பரவால்ல லா அண்ணே! நல்லாத்தான் போட்டீங்க! கம்பம்தான் குட்டையா இருக்கு!" என்று கத்தினார்.

இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு பலர் தட்டினார்கள். மகள் என் தோளிலிருந்து தலையை நிமிர்த்தி, அவளும் தட்டினாள்.

ஆட்டம் சமனில் முடிந்தது. அந்த மனிதருக்கு நன்றி சொல்லத் தேடினேன், ஆனால் மாடு கட்டியிருந்த இடத்துக்குப் போய்விட்டார் போல. அதற்குப் பிறகு எத்தனையோ செங்கல் வண்டிகளை எட்டிப் பார்த்திருக்கிறேன், அவரைக் காணவில்லை.

வீட்டில் என் கணவர் முழங்காலைக் கழுவிக்கொண்டே, "மொத தடவ கூட்டிக்கிட்டுப் போனேன், ஒரு கோல் காட்ட முடியல" என்று வருத்தப்பட்டார். மகள் எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினாள். "நீங்க நல்லாத்தான் போட்டீங்கப்பா. கம்பம்தான் குட்டை" என்றாள். அன்று ராத்திரி இருவரும் அவளை நடுவில் உட்கார வைத்து அந்தக் கோழித் திருடன் கதையை முதல் தடவையாகப் பேசினோம். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னோம். ஒரு மாதம் தாமதம்தான்.

நாலைந்து வருஷம் கழித்து, அதற்குப் பிறகு பிறந்த இளையவனுக்கு மூன்று வயது முடிந்தபோது அதே வழக்கு மறுபடி வந்தது. அவர் போகலாம் என்றார். நான், கொஞ்சம் பொறுங்கள், இவன் இன்னும் சின்னவன் என்று இழுத்தேன். சட்டை மாட்டிக்கொண்டிருந்த மகள் குறுக்கே வந்தாள்.

"கூட்டிக்கிட்டு வாங்கம்மா. அவன் பக்கத்துல நான் நிக்கிறேன்."

நான் அவனுடைய மாற்றுச் சட்டையை எடுத்துக் கூடையில் வைத்தேன். பிள்ளையை எந்த வயதில் கூட்டத்துக்குள் கூட்டிப் போகலாம் என்று இன்றும் யாராவது கேட்டால், வயதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரிவதில்லை. தொண்டை வரை வந்ததை ஒரு குழந்தைக்காக விழுங்கிய அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.