தெற்கு மாத்திரையும் வடக்கு மாத்திரையும்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. நோய் வந்தால் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். ஒன்று தெற்கே, குழித்துறை தாண்டி இருந்த மிஷன் ஆஸ்பத்திரி. இன்னொன்று வடக்கே, சர்க்கார் ஆஸ்பத்திரி. ஒரு டாக்டரிடம் மற்ற டாக்டரைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைப்பு. மிஷன் ஆஸ்பத்திரியின் சீட்டு ஒட்டிய மருந்துக் குப்பியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அதே குப்பியில் மருந்து வாங்கச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். நானும் சுரண்டியவள்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இந்த அளவு அறிவாவது இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா வேண்டாமா என்று ஊர் இரண்டாகக் கிடந்தது. பாதி வீடுகளில் அப்பனோடு தமிழும் அங்காடியில் மலையாளமும் பேசுவார்கள். அதுவரை யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றியதில்லை. திடீரென்று, யார் எந்த மொழியில் தும்முகிறார்கள் என்று எல்லாரும் பார்க்க ஆரம்பித்தார்கள். குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் தமிழ்ப் பிரிவு டீச்சர். பதினேழு பிள்ளைகள். அந்தப் பிரிவுக்கு நான் ஒருத்திதான். நான் போனால் பிரிவும் போகும் என்பது எனக்கும் தெரியும், ஹெட்மாஸ்டருக்கும் தெரியும்.

போராட்டம் சூடு பிடிப்பதற்கு முந்தின வருஷம் எனக்கு உடம்பு படுத்திவிட்டது. முகம் வீங்கியது. குரல் ஆண்பிள்ளைக் குரலாக மாறியது. நல்ல வெயிலில் குளிர்ந்தது. கரும்பலகை வரை நடக்கவே களைப்பாக இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் என் தொண்டையைத் தடவிப் பார்த்தார். அங்கே உள்ள சுரப்பி வேலை செய்யவில்லை, தைராய்டு என்று அதற்குப் பெயர் என்றார். ஒரு சின்னப் பழுப்புக் குப்பியில் மாத்திரை தந்தார். ஆட்டின் சுரப்பியையோ மாட்டின் சுரப்பியையோ உலர்த்திப் பொடித்துச் செய்தது என்று கம்பவுண்டர் சொன்னார். தினம் காலையில் ஒன்று. மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது, குரல் திரும்பியது. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன்.

அப்போது ஹெட்மாஸ்டர் ஒரு காகிதத்தை நீட்டினார். நீண்ட விடுப்பில் போனவர்கள் சர்க்கார் டாக்டரிடம் உடம்பு நன்றாக இருப்பதாக சர்டிபிகேட் வாங்க வேண்டுமாம். மிஷன் டாக்டர் எழுதியது செல்லாதாம். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அந்த வருஷத்தில் "மிஷன் ஆஸ்பத்திரி" என்றால் தெற்கு, தெற்கு என்றால் தமிழ்நாடு என்று அவர் வாயில் ஒரு கசப்பு வந்துவிட்டது.

சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வடக்கே இருந்து வந்த மலையாளி. பேச்சு சுருக்கம். களைப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றேன். முட்டியில் ஒரு சிறு சுத்தியலால் தட்டினார். கண்ணைப் பிரித்துப் பார்த்தார். இதற்கு முன்னால் எங்கேயாவது காட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். ஒரே சொல். மிஷன் ஆஸ்பத்திரி என்று சொன்னால் நான் எந்தப் பக்கம் என்று எழுதி வைத்துக்கொள்வார் என்று பயம். அதற்கும் மேலே, ஊர்ப் பழக்கம். டாக்டர் ஒரு காகிதப் பொட்டலத்தில் மாத்திரை தந்தார். "க்ஷீணத்துக்கு. காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ரெண்டு மாசம் கழிச்சு வரணும். அப்போ சர்டிபிகேட் நோக்காம்" என்றார். அதுவரைக்கும் வேலை பார்க்கலாம் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதினார்.

தெற்கு மாத்திரை தொண்டைக்கு, வடக்கு மாத்திரை களைப்புக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டையும் விழுங்கினேன். இரண்டு பக்கத்து மருந்தும் உள்ளே இருந்தால் இரண்டு மடங்கு குணம் என்றுகூட நினைத்தேன்.

முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. கால்நடையாக ஊரைச் சுற்றலாம்போல ஒரு தெம்பு. அப்புறம் கை ஆட ஆரம்பித்தது. முதலில் தேநீர்த் தம்ளர் தட்டில் மோதிச் சத்தம் போட்டது. பிறகு சாக்பீஸ். நான் எழுதிய "அ" நண்டு ஊர்ந்தது போல இருந்தது. முன்பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி அதையே பார்த்து, நடுங்க நடுங்க, தன் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். அடிக்கக் கை ஓங்கினேன். அந்தக் கையும் நடுங்கியது. இறக்கிக்கொண்டேன்.

அந்த வாரம் போராட்டக் கமிட்டிப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்றாலும் முப்பது வயது, எங்கள் கிறிஸ்தவ சபைக்காரன். எல்லைப் பகுதித் தமிழர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் மனு அவன் கையில் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன். என் பெயர் ஒரு கோடாகாமல் ஏணியாகப் போயிற்று.

"டீச்சருக்கு பயம் உண்டுபோல இருக்கே" என்றான்.

"பயம் இல்லலே. கை நடுங்குது."

"அது எல்லாவனும் சொல்லுகதாக்கும். போலீஸ் வரும்னு நினைச்சா கை நடுங்கத்தானே செய்யும்."

"நீ உன் மனுவ எடுத்துக்கிட்டு போ. உன் தாடிய விட என் கை நேராத்தான் இருக்கு" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். மறுநாள் சபை முழுவதும், டீச்சர் பயந்து நடுங்கிக் கையெழுத்துப் போட்டாள் என்று பேச்சு.

கை போதாதென்று காலும் சேர்ந்துகொண்டது. வலி இல்லை. எலும்புக்குள் எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம். அசைத்தால் போகும், நிறுத்தினால் வரும். உட்கார்ந்தால்தான் தொல்லை, அதுவும் சாயங்காலம் ஆனால். எங்கள் சபையில் பெண்கள் பாயில் சம்மணம் போட்டு உட்கார்வோம். ஞாயிறு மாலை ஆராதனை. போதகர் அதிகாரத்தில் உள்ளவர்களுக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக என்று ஜெபம் பண்ணத் தொடங்கினார். அதற்குள் என் கால் எனக்குச் சொந்தம் இல்லாததாகிவிட்டது. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்தேன். முடியவில்லை. எழுந்து, கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் நடுவே நடந்து வெளியே போனேன். முற்றத்தில் இருந்த பலாமரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கண்ணை மூடாதவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது.

கமிட்டிப் பையன் வழியில் மறித்தான். முகம் பிரகாசமாக இருந்தது.

"டீச்சரே, நான் தப்பா பேசிட்டேன். சர்க்காருக்கு ஜெபம்னதும் எந்திச்சு போனியளே. அதாக்கும் தைரியம்."

"கால் குடைஞ்சுதுலே. அதனால எந்திச்சேன்."

"சரி, சரி. அப்படியே இருக்கட்டு" என்று கண்ணைச் சிமிட்டினான்.

ஒரே வாரத்தில் என் கை என்னைக் கோழை ஆக்கியது. என் கால் என்னை வீராங்கனை ஆக்கியது. நான் இரண்டும் இல்லை. ஆனால் ஹெட்மாஸ்டருக்கு இரண்டாவது கதைதான் போய்ச் சேர்ந்தது. என்னைத் தனியாக அழைத்தார். "டீச்சர் சமரத்தில் நிக்குதாயிட்டு கேட்டேன். சர்டிபிகேட் இல்லாம இந்தப் பிரிவை என்னால காப்பாத்த பற்றில்ல, முடியாது" என்றார். மிரட்டலா, எச்சரிக்கையா என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. அந்த நாட்களில் எல்லாவற்றுக்கும் கோபம் வந்தது. பிற்பாடு அதையும் மாத்திரையின் தலையில் கட்டப் பார்த்தேன். மாத்திரை நின்ற பிறகும் கோபம் நிற்கவில்லை, ஆகவே அது என்னுடையதுதான்.

இரண்டு மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது விஷயத்தைக் கண்டுபிடித்தது மைனி. என் அண்ணன் மனைவி. அண்ணன் அம்பூரியில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தான். வீட்டில் நானும் மைனியும்தான். மைனிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வீட்டுப் பூனை என் மருந்துப் பொட்டலத்தைக் கிழித்து நக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் துரத்திவிட்டு வந்தார்.

"மக்கா, இந்தப் பூனை முன்னால உன் குப்பிய மோந்துகிட்டு கிடக்கும். இப்போ இந்தப் பொதியையும் விடுகதில்ல. ரெண்டும் ஒரே சாதனமாக்கும்" என்றார்.

"இல்ல மைனி. அது தொண்டைக்கு. இது களைப்புக்கு."

"மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். குப்பியில் இருந்ததும் பொட்டலத்தில் இருந்ததும் ஒரே வாடை, பழைய இறைச்சி உலர்ந்ததுபோல. இரண்டு மாதமாக இரண்டையும் தினம் வாயில் போடுகிறவளுக்கு அது தெரியவில்லை. பூனைக்குத் தெரிந்திருக்கிறது.

"ரெண்டு டாக்டரும் ஒரே மருந்த தந்திருக்காவ. நீ வாய மூடிக்கிட்டு ரெண்டையும் முழுங்கியிருக்க" என்றார் மைனி. "போய் சொல்லு."

"சொன்னா சர்டிபிகேட் தரமாட்டாரு."

"கை நடுங்கிக்கிட்டு நின்னா மட்டும் தந்துடுவாராக்கும்."

குப்பியையும் பொட்டலத்தையும் எடுத்துப் பையில் போட்டேன்.

சர்க்கார் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். கைகளை நீட்டச் சொன்னார். நீட்டிய விரல்கள்மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் காற்றில்லாத அறையில் படபடத்தது. நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடியும் பிடித்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் குப்பியையும் பொட்டலத்தையும் மேசைமேல் வைத்தேன்.

"எந்தா இது?"

சொன்னேன். எல்லாவற்றையும். மிஷன் ஆஸ்பத்திரி, மூன்று மாதம், கை, கால், பூனை. அவர் குப்பியைத் திறந்து ஒரு மாத்திரையைக் கையில் உருட்டினார்.

"அவர் தந்தது அரை கிரெயின். நான் தந்தது ஒரு கிரெயின் வச்சு ரெண்டு. ஒரு மருந்தும் கழிக்காத, சாப்பிடாத ஆள்னு நினைச்சாக்கும் நான் அளவு போட்டது. எந்தினு மறைச்சு?"

"சொன்னா நான் எந்தப் பக்கம்னு நீங்க பாப்பியன்னு நினைச்சேன்."

அவர் மாத்திரையைத் திரும்பக் குப்பிக்குள் போட்டார். "நான் பாக்க வேண்டியது தொண்டை" என்றார். அவர் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வருஷத்தில் எங்கள் ஊரில் அப்படி ஒரு வார்த்தையை வேறு யாரும் என்னிடம் சொல்லவில்லை.

கை நடுக்கமும் நாடி ஓட்டமும் மருந்து கூடியதால்தான், அதில் சந்தேகம் இல்லை என்றார். காலைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. மருந்தாக இருக்கலாம், இரத்தம் குறைந்ததாலும் இருக்கலாம் என்று கண் இமையை மடக்கிப் பார்த்து, இரும்புச் சத்து மருந்து ஒன்று எழுதினார். இரண்டு மாத்திரையையும் இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார். அதற்குப் பிறகு தினம் ஒன்றே ஒன்று, ஒரே டாக்டரிடம். எந்த டாக்டர் என்பது என் இஷ்டம்.

"சர்டிபிகேட்?" என்று கேட்டேன்.

"இந்தக் கையோட எழுத முடியாது. ஆறு ஆழ்ச கழிஞ்சு வாங்க."

துண்டுச் சீட்டின் கெடு முடிந்தது, ஆறு வாரம் நான் வெளியே இருந்தால் பிரிவு மூடும் என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் அசையவில்லை. முதல் நாளே உண்மை சொல்லியிருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன் என்றார். அதுதான் இன்றும் குடைகிறது.

நடுக்கம் மூன்றாம் வாரம் குறைந்தது, ஐந்தாம் வாரம் போனது. கால் முழுதாகப் போகவில்லை. இப்போதும் சில சாயங்காலங்களில் எட்டிப் பார்க்கும். காகிதம் என் விரல்மேல் அசையாமல் கிடந்த அன்று டாக்டர் சர்டிபிகேட் எழுதினார். ஹெட்மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டு, தமிழ்ப் பிரிவுக்கு வருகைப் பதிவேட்டைத் திருப்பித் தந்தார். ஆகவே அவரைப் பற்றி நான் நினைத்ததிலும் பாதி தப்பு. ஆனால் ஆறு வாரமாகப் பதினேழு பிள்ளைகளும் மலையாள வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி வந்தது ஒன்பது பேர்.

மற்ற எட்டு வீட்டுக்கும் நடந்தேன். கடைசியாக, என் நடுங்கிய "அ"வைச் சிலேட்டில் எழுதிக் காட்டிய பிள்ளையின் வீடு. அவள் அம்மா தேநீரைத் தம்ளரின் விளிம்புவரை ஊற்றி, தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள். வேண்டுமென்றேதான். நான் வாங்கினேன். சத்தம் வரவில்லை, ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை நல்லாயிட்டு டீச்சரே."

"நல்லாயிட்டு. பிள்ளைய நாளைக்கு அனுப்புவியா?"

"இல்ல டீச்சரே. அவ அங்க பழகிட்டா. இனி அங்கேயே இருக்கட்டு."

கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்ல முடியவில்லை. தேநீரைக் கடைசிவரை குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.