அப்பாவின் வேனுக்குக் கை காட்டியவள்

என் பேத்திக்கு வீட்டில் சாட்சி என்று பெயர். நாலு வயதில், பிஸ்கட் டப்பா எப்படிக் காலியானது என்று மருமகள் அதட்டியபோது, "பாட்டி ரெண்டு தின்னுச்சு. எனக்கு ஒண்ணு குடுத்துச்சு" என்று என்னோடு தன்னையும் சேர்த்து மாட்டிவிட்டாள். அன்று வைத்த பெயர்.

இப்போது பதினாறு. சனிக்கிழமைகளில் ஸ்டேஷனில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போலீஸ் வேலையைப் பழக்குகிறார்கள். அதில் சேரத் துடித்தாள். வேன் ஓட்டும் என் மகன் முடியாது என்றான். நான் போய் விண்ணப்பத்தில் கைநாட்டு வைத்தேன். தப்பென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

அங்கே ஏட்டம்மா ஆளுக்கொரு சின்ன நோட்டு கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது. "பார்த்ததை எழுது, நினைச்சதை எழுதாதே. ஒரு தாள் குறைஞ்சாலும் அடுத்த வாரம் வராதே" என்பது அவர் சட்டம்.

மூன்றாவது வாரம், நூலகத்துக்கு எதிரே ஆட்கள் ரோட்டைக் கடக்கும் கோட்டருகே இவளை நிறுத்தினார்கள். இவள் கை காட்டியும் ஒரு வேன் நிற்காமல் போனது. அப்பாவின் வேன். நோட்டில் எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அதையும் அவளே சொன்னாள், வேறு யார் சொல்வார்கள்?

மகன் குதித்தான். "முதலாளி காதுக்குப் போனா என் பொழப்பு என்னாகும்? அந்தத் தாளைக் கிழி. இல்லேன்னா இன்னையோட நின்னுடு."

"கிழிச்சா அவங்க நிறுத்துவாங்க, கிழிக்கலேன்னா நீங்க நிறுத்துவீங்க. அப்ப கிழிக்காமலே நின்னுக்கிறேன்பா."

சொல்லிவிட்டுச் சீருடையை மடிக்க ஆரம்பித்தாள். நான் நடுவில் புகுந்தேன்.

"டேய், படிக்கத் தெரியாதவ கேக்கறேன். அதுல என்ன இருக்குன்னு நீ பார்த்தியா? படிடி."

படித்தாள். "காலை பத்து நாற்பது. வெள்ளை வேன் நிற்கவில்லை. ஓட்டியவர் என் அப்பா. வேன் கோட்டை நெருங்கிய பிறகுதான் நான் கை தூக்கினேன். தாமதம் என்னுடையது."

மகன் உட்கார்ந்துவிட்டான்.

"கடைசி வரியை எதுக்கு எழுதுன?"

"அதுவும் நடந்ததுதானேப்பா."

"ஏட்டம்மா என்ன சொன்னாங்க?"

"திட்டுனாங்க. என்னைத்தான். வண்டி தூரத்துல வரும்போதே தூக்கணுமாம். உங்களைக் கொஞ்சம் மெதுவா வரச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

அவன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மடித்த சீருடையைப் பார்த்து, "இஸ்திரி போடாமலா மடிப்பே?" என்றான்.

அடுத்த சனிக்கிழமை நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். தூரத்தில் மகனின் வேன் வந்தது. இவள் கையைத் தூக்கினாள். கோட்டுக்கு நாலு வண்டி நீளம் முன்னாலேயே நிறுத்திவிட்டான். ஆட்கள் கடந்து முடித்தார்கள், பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அசையவில்லை.

"போங்கப்பா!"

ஜன்னல் வழியே தலையை நீட்டினான். "கையை இறக்கு முதல்ல!"

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். அதையும் நோட்டில் எழுதினாளாம்.