வெளுத்துப்போன கூம்பு நத்தை

போன ஞாயிற்றுக்கிழமை காலை. குடிதண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, பேப்பரைப் பிரிக்கிற நேரம். சேவியர் வந்தான். கையில், பஞ்சு வைத்த ஒரு சின்ன டப்பா.

"அப்பு, ஒரு படம் வரையணும். இன்னைக்கே வேணும்."

டப்பாவுக்குள் ஒரு நத்தை ஓடு. கட்டைவிரல் நீளம்கூட இல்லை. மேலே அகன்று, கீழே குவிந்து... ஐஸ்க்ரீம் கோன் மாதிரி. நிறம் வெள்ளை. பளபளக்கிற வெள்ளை இல்லை, சாக்பீஸ் வெள்ளை.

சேவியரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நண்பன். இங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறான். நான் வீடுகளுக்கு பிளான் வரைகிறவன். அளவில் சுத்தமாக இருப்பேன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. எரிச்சலூட்டுவேன் என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு.

கடலே இல்லாத திண்டுக்கல்லில் கடல் நத்தைக்கு என்ன வேலை?

பல வருடங்களுக்கு முன் மாணவர்களைத் தூத்துக்குடிக்கு டூர் கூட்டிப்போனான். ஆழ்கடலில் இறால் பிடித்துத் திரும்பிய விசைப்படகு ஒன்று, வலையில் வந்த வேண்டாததையெல்லாம் கரையில் கொட்டியிருந்தது. அந்தக் குவியலில் பொறுக்கியதுதான் இது. கூம்பு நத்தை. விஷ ஊசியால் இரையைக் குத்திச் சாப்பிடுகிற ஜாதி. கரையோரம் கிடைக்கிற கூம்பு நத்தைகள் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. இது எதோடும் சேரவில்லை.

ஆழத்தில் வாழ்வது மனிதர் கண்ணில் படுவதே அபூர்வம். உச்சியில் எத்தனை சுருள், அதற்குக் கீழே தோள்பட்டை மாதிரி இருக்கிற விளிம்பு எவ்வளவு கூர்மை, அடிப்பகுதியில் வரிகள் எப்படி ஓடுகின்றன... வருடக்கணக்கில் ஒப்பிட்டான். கடைசியில் முடிவுக்கு வந்தான். உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம்.

பெயரையும் முடிவு செய்துவிட்டான். மனைவி ரோஸ்லினின் பெயர்.

ரோஸ்லின் எனக்குத் தங்கச்சி மாதிரி. ஒன்றரை வருடமாகப் புற்றுநோய். மதுரைக்குப் போய் கீமோ ஏற்றிக்கொண்டு வருகிறாள். முன்பெல்லாம் விளக்கமாகப் பேசிய டாக்டர்கள் இப்போது "பார்ப்போம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அச்சில் தன் பெயரை அவள் கண்ணால் பார்த்துவிட வேண்டும். சேவியருக்கு இருந்த ஒரே அவசரம் அதுதான்.

"அவனவன் பொண்டாட்டி பேர்ல வீடு வாங்குறான். எங்க வீட்டுக்காரரு நத்தைக்கு வைக்கிறாரு. அதுவும் விஷ நத்தை" என்பாள் ரோஸ்லின்.

"பொருத்தம் பார்த்துத்தான் வச்சேன்" என்பான் இவன்.

போன மாதம் இடி விழுந்தது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேறொரு கடலின் ஆழத்தில் கிடைத்த புதிய கூம்பு நத்தை. சேவியர் படத்தைத் தன் நத்தையோடு வைத்துப் பார்த்தான். அதே சுருள். அதே தோள்பட்டை. அதே வரிகள். யார் முதலில் வெளியிடுகிறார்களோ, அவர்கள் வைத்ததுதான் பெயர். அந்தத் துறையின் சட்டம் அது.

ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் நத்தையில் இரண்டு பழுப்புப் பட்டைகள். இவனுடையது வெறும் வெள்ளை.

நான் பலகையில் வரைதாளை ஒட்டி, பென்சில் சீவிக்கொண்டிருக்கும்போதே முருகேசன் போனில் வந்தான். சேவியரின் பழைய மாணவன். இப்போது ஒரு கடலோரக் கல்லூரியில் வேலை. இருவரும் சேர்ந்துதான் கட்டுரை எழுதுகிறார்கள். சேவியர் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், பட்டை இல்லைல்ல? அது போதும் சார். வெள்ளை ஓடு, தனி இனம். படம் வந்ததும் நான் பத்திரிகைக்கு அனுப்பிருவேன். மேடம் பேரு வந்துரும்."

"டிஎன்ஏ கேப்பானே முருகேசா?"

"ஃபார்மலின்ல கெடந்தது, எடுக்க முடியலன்னு எழுதிருவோம். உண்மைதானே சார்?"

உண்மைதான். எந்தக் கல்லூரி விலங்கியல் லேபிலும் நுழைந்து பாருங்கள். பாம்பு, தவளை, நட்சத்திர மீன்... எல்லாம் ஃபார்மலினில் மிதக்கும். கைக்கு எது கிடைத்தாலும் ஃபார்மலின் ஜாடியில் போடுவது அவர்கள் பழக்கம். சேவியரும் அன்று அதைத்தான் செய்தான். டிஎன்ஏ கெடாமல் இருக்க ஸ்பிரிட்டில் போட்டிருக்க வேண்டும். கை கேட்கவில்லை.

மதியம் வரை வரைந்தேன். நீளம், அகலம், ஒவ்வொரு சுருளின் உயரம். நுணுக்க வரிகளுக்காக லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மேற்பரப்பு முழுக்க ஊசிக்குத்துகள். விளிம்பெல்லாம் அரிப்பு.

"என்னடா இது? ஆசிட் ஊத்திக் கழுவின மொசைக் தரை மாதிரி இருக்கு?"

சேவியர் லென்ஸை வாங்கிப் பார்த்தான்.

"ஆசிட்தான்" என்றான். "ஃபார்மலின் பழசாச்சுன்னா அமிலமாயிரும். ஓட்டைத் தின்னுரும். எடுத்தப்ப ரெண்டு பட்டை இருந்துச்சு அப்பு. பழுப்புல. நல்லாப் பார்த்தேன்."

"வேற யாரு பார்த்தா?"

"யாரும் இல்ல. பயலுக எல்லாம் பரோட்டா திங்கப் போயிட்டானுக."

அவன் நத்தையைத் தனி இனமாக்கப் போகும் அந்த ஒரே வித்தியாசம் — கடல் கொடுத்தது இல்லை, அவனே ஜாடியில் போட்டு உண்டாக்கியது. அது தெரிந்த ஒரே ஆள் அவன். இப்போது நானும். என் படம் அளவில் சுத்தம்தான். ஆனால் அது நத்தையின் படம் இல்லை, ஃபார்மலினின் படம்.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்று எழுந்தான்.

ரோஸ்லின் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் சின்னாளப்பட்டித் துண்டு. கஞ்சி டம்ளர் அப்படியே ஆறியிருந்தது.

"படம் முடிஞ்சிருச்சாண்ணே?"

நான் சேவியரைப் பார்த்தேன்.

"ரோஸு, அந்தப் பேரு வைக்க முடியாது. அது அவங்க நத்தையேதான்."

"முடியும்னு முருகேசன் சொன்னானே? எனக்கே போன் போட்டுச் சொன்னான்."

"வைக்கலாம். அச்சுல வரும். நீயும் பார்ப்ப. அப்புறம் ஒரு நாள் எவனாவது நல்ல நத்தையைப் பிடிச்சு, ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிருவான். அதுக்கப்புறம் அவங்க பேருக்குக் கீழ உம்பேரப் போட்டு, செல்லாத பேருன்னு எழுதுவாங்க. அத அழிக்கவே மாட்டாங்க. காலத்துக்கும் நிக்கும்."

ரோஸ்லின் யோசித்தாள்.

"நானே செல்லாத கேஸு. அத அச்சடிச்சு வேற சொல்லணுமாக்கும்."

அவள் மட்டும்தான் சிரித்தாள்.

"அவுக என்ன பேரு வச்சிருக்காக?"

"நத்தைய அள்ளிட்டு வந்த கப்பலோட பேரு."

"கப்பலா? சரி, அதுவும் கௌரவமாத்தான் இருக்கு."

சேவியர் அங்கிருந்தே முருகேசனைக் கூப்பிட்டான். "அது அவங்க இனம்தான்ப்பா. நம்ம கடல்லயும் இருக்குன்னு மட்டும் ரெண்டு வரி எழுது. வெள்ளையானதுக்குக் காரணம் ஃபார்மலின், அதையும் சேர்த்து எழுது."

"சார், மேடத்த ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுத்தான் சொல்றேன்." வைத்துவிட்டான்.

ஓர் உயிரினத்தை வகைப்படுத்துவது என்றால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை போலிருக்கிறது. நம்முடையது என்று இத்தனை வருடம் பொத்தி வைத்திருந்ததை, அதற்கு உரிய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெறும் கையோடு எழுந்து வருவது. அதற்கு யாரும் பாராட்டுவிழா எடுப்பதில்லை.

நான் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். உள்ளே பேச்சுக் கேட்டது.

"ஏங்க, வேற நத்தை கிடைக்காதா? பேரு வைக்காதது?"

"ஏன் கிடைக்காது? ஆழத்துல அம்புட்டு கிடக்கு."

"எப்பக் கிடைக்கும்?"

"இந்த வருஷத்துக்குள்ள கிடைச்சிரும்."

அன்று அந்த வீட்டில் நான் கேட்ட முதல் பொய் அது.

"அப்பச் சரி, அதுவரைக்கும் இருக்கேன்" என்றாள் ரோஸ்லின்.

அது இரண்டாவது.