டெய்லரம்மா தன் அளவுக்குச் செய்த நாற்காலி

டெய்லரம்மா முழுசாக உட்காருவதற்குள் பிளாஸ்டிக் நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் விரிந்துகொண்டன. அடுத்த நொடி அவள் தரையில் இருந்தாள். மகள் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் அப்பாவும் அம்மாவும் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருந்த நாள் அது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை. பையனின் அப்பா மின்விசிறியைப் பார்த்தார், அம்மா தன் தேநீரைப் பார்த்தார். டெய்லரம்மாவின் கணவர் பம்பு மெக்கானிக். எது உடைந்தாலும் காரணம் சொல்லாமல் இருக்க முடியாது அவரால். முறிந்த காலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "வெயில்ல கிடந்து இத்துப்போச்சு" என்று யாரும் கேட்காத விளக்கத்தைச் சொன்னார்.

அவர்கள் போனபிறகு மகள் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அடுத்த மாசம் தேதி முடிவு பண்ண வருவாங்கம்மா. அன்னிக்கு நீ உள்ள தையல் ரூம்லயே இருந்துக்கோயேன். கால் வலின்னு நான் சொல்லிக்கறேன்."

டெய்லரம்மா வாய்க்குப் பஞ்சமில்லாதவள். குறைத்துச் சாப்பிடச் சொன்ன டாக்டரிடம் அவர் தொப்பையின் அளவு கேட்டவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து நெளிந்தவளிடம், நீ வேண்டுமானால் நின்றுகொள், எனக்குக் கால் வலிக்கிறது என்றவள். ஊரார் சொன்னதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போனது. ஆனால் இதைச் சொன்னது பெற்ற மகள். இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் அம்மாவின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவள். வந்த பதிலை மென்று விழுங்கிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

அந்த வார விடுமுறையில் கணவரை இழுத்துக்கொண்டு நாற்காலிக் கடைக்குப் போனாள். மகள் போனில் அடிக்கடி காட்டி ஏங்குகிற நாற்காலி ஒன்று உண்டு. முதுகும் கைகளும் ஒரே வளைவாகச் சுற்றி வரும், கீழே சாய்ந்த குட்டைக் கால்கள். அந்தக் காலத்துத் தியேட்டர் முகப்பில் கிடந்ததுதான், இப்போது ரெட்ரோ என்று பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. கடையில் இருந்ததில் டெய்லரம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்ததில் குறையில்லை. எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. கடைக்காரர் நாற்காலியைப் பிடிக்க, கணவர் மனைவியைப் பிடிக்க, ஒருவழியாகப் பிரித்தெடுத்தார்கள். எல்லாம் ஸ்டாண்டர்டு சைஸ்தான் மேடம் என்றார் கடைக்காரர்.

"யாரோட அளவுங்க அது?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியாதுதான். டெய்லரம்மா முப்பது வருஷமாகத் தைக்கிறாள், அப்படி ஒரு உடம்பு இன்னும் அவள் டேப்புக்குள் வரவில்லை. ஒருத்திக்கு இடதுதோள் இறக்கம், ஒருத்திக்கு வயிறு முன்னால். துணியைத்தான் ஆளுக்குத் தகுந்தபடி வெட்டுவாளே தவிர, ஆளைத் துணிக்கு வெட்டச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு தன்னையே அளந்தாள். உட்கார்ந்த இடுப்பு, தொடை, முதுகு, முழங்கை உயரம், எல்லாவற்றையும் அளவு நோட்டில் மற்ற வாடிக்கையாளர்கள் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் எழுதினாள். செய்தித்தாளை ஒட்டி மாதிரி வெட்டினாள். நாற்காலி என்ன ஜாக்கெட்டா என்று கணவர் கிண்டல் செய்தார். கை வைத்த ஜாக்கெட்தான், கால்தான் கூடுதல் என்றாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு ரம்பத்தையும் துளைபோடும் மெஷினையும் எடுத்துக் கொடுத்தார்.

லாடம்போல அறுத்த இரண்டு பலகைகள், மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் முட்டுக்கட்டைகள். அதுவரை பிசகில்லை. சுற்றி வளைத்து அடிக்க வேண்டிய பிளைவுட்தான் சண்டித்தனம் செய்தது. வளைத்த முதல் பலகை படாரென்று முறிந்தது. தெருமுனைத் தச்சர் வந்து பார்த்து, இது வளையாது, பேசாமல் சதுரமாகச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சதுரமாம். அவள் உடம்பில் எங்கே இருக்கிறது மூலை?

இரண்டு நாள் அந்தப் பலகையை முறைத்துக்கொண்டே தைத்தாள். மூன்றாம் நாள் ஒரு சட்டைக்குக் கழுத்து மடித்துக்கொண்டிருந்தபோது கை தானாகக் கத்தரியை எடுத்து, வளைவின் ஓரத்தில் சின்னச் சின்னதாக வெட்டுக் கொடுத்தது. வெட்டுக் கொடுத்தால்தான் வளைவு சுருங்காமல் படியும். கத்தரியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். புதுப் பலகையின் உள்பக்கத்தில், விரற்கடைக்கு ஒன்றாக, முக்கால் ஆழத்துக்கு ரம்பத்தால் கீறிக்கொண்டே போனாள். கீறல்களில் மரப்பசையை ஊற்றி இழுத்தாள். பலகை முரண்டு பிடிக்காமல் லாடத்தைச் சுற்றி வந்து நின்றது. தச்சரைக் கூப்பிட்டு அனுப்பிக் காட்டினாள். அவர் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

கீழே நாலு குட்டைக் கால்கள், மேலே பஞ்சு, அதன்மேல் கடுகு நிற வெல்வெட். உறை தைப்பது அவளுக்கு ஜுஜுபி. உட்கார்ந்து பார்த்தாள். எங்கும் பிடிக்கவில்லை, இடிக்கவில்லை. இந்த உலகத்தில் தனக்கென்று ஒரு இடம் இருக்கிறது என்று தோன்றி, கண்ணில் நீர் முட்டியது.

தேதி பேச வருகிற நாளும் வந்தது. காலையில் நாற்காலியை முன்னறைக்குத் தூக்கினார்கள். தையல் ரூம் வாசலில் அது நின்றுவிட்டது. ஆளை அளக்கிறவள் வாசலை அளக்கவில்லை. உடம்புக்கு வேண்டிய அளவோடு, தையல்காரி வழக்கப்படி, மூச்சு விடுவதற்கென்று பக்கத்துக்கு இரண்டு விரல் கூடுதலாக வேறு விட்டிருந்தாள். நிமிர்த்தினார்கள், படுக்கவைத்தார்கள், தலைகீழாகத் திருப்பினார்கள். ஊஹூம். தச்சர் வந்தார். அந்த இரண்டு விரலையும் செதுக்கிவிட்டால் வெளியே வந்துவிடும், அரை மணி நேர வேலை என்றார். கணவர் ரம்பத்தோடு தயாராக நின்றார். மகள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அம்மா, கொஞ்சம்தானே. குறைச்சுக்கலாமே."

டெய்லரம்மா நாற்காலிக்கும் ரம்பத்துக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து எல்லாரும் என்னைத்தான் குறைச்சுக்கச் சொன்னாங்க. நீ உள்ளயே இருன்னு சொன்ன. கேட்டுக்கிட்டேன். இதுல ஒரு விரல்கூடக் குறைக்க விடமாட்டேன். சின்னதா இருக்கறது இது இல்ல, அந்த வாசல்."

மகளின் முகம் சிவந்தது. அழப்போகிறாள் என்றுதான் டெய்லரம்மா நினைத்தாள். மகள் பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் அப்பாவின் கடப்பாரை இருந்தது. அதை வாசல் நிலைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். அவளால் ஆகவில்லை. அப்பாவும் சேர்ந்துகொண்டார். காரை பொலபொலவென்று கொட்டியது, நிலை பெயர்ந்து வந்தது, கூடவே நாலு செங்கலும். நாற்காலி முன்னறைக்கு வந்து சேர்ந்தது.

பையன் வீட்டார் வந்தபோது நிலை இருந்த இடத்தில் பெரிய ஓட்டை, வீடெல்லாம் புழுதி, பெண்ணின் தலைமுடியில் சுண்ணாம்பு. கணவர் அசடு வழிந்தபடி, நிலை பழசு, இத்துப்போச்சு என்று ஆரம்பித்தார். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. பையனின் அம்மாவின் கண் கடுகு நிற நாற்காலிமேல் இருந்தது. எவ்வளவு அழகாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, புடவையை ஒதுக்கி அதில் உட்காரப் போனார்.

மகள் குறுக்கே போய் நின்றாள்.

"அத்தை, அது எங்கம்மா நாற்காலி. அவங்க உக்காரட்டும். நீங்க சோபாவுக்கு வாங்க."

டெய்லரம்மா நொறுங்கிக் கிடந்த காரையை மிதித்துக்கொண்டு வந்து, முதுகை முழுசாகச் சாய்த்து உட்கார்ந்தாள். இப்போது தேதியைப் பேசலாம் என்றாள்.